எண்ணெய்க் கிணத்துல என் ஓட்டு சேத்துக்குத்தான்

வணக்கம் மக்களே! மைக் கேக்குதுல்ல? சரி, வந்துடலாம்.

எண்ணெய்க் கிணறு தோண்டுறதுல பெரிய கண்டுபிடிப்பு எதுன்னு கேட்டா, பாதிப் பேர் டிரில் பிட்னு சொல்வாங்க. தப்பில்லை. 1909-ல ஹோவர்டு ஹியூஸ் சீனியர் பேடன்ட் வாங்கின பிட்ல பல்லு வெச்ச ரெண்டு கூம்பு உருண்டு உருண்டு பாறையை நொறுக்கும். அதுக்கு முன்னாடி கெட்டிப் பாறை வந்தா சில சமயம் கிணத்தையே கைவிட வேண்டிய நிலைமை. ஆனா என் ஓட்டு சேத்துக்கு. சிரிக்காதீங்க, நிஜமாவே சேறுதான்.

அமெரிக்காவுல டெக்ஸஸ் மாநிலம், ஸ்பிண்டில்டாப்ங்கற எண்ணெய் வயல். ஓட்டை போடப் போட மணல் சரிஞ்சு மூடிக்குது. வெறும் தண்ணியை உள்ள அனுப்பிப் பார்த்தாங்க, சரிப்படலை. கடைசியா ஒரு குட்டையில மாடுகளை இறக்கி மிதிக்க விட்டு, அந்தக் கலங்கல் சேத்தைக் குழாய்ல விட்டாங்கன்னு கதை சொல்வாங்க. சுவர்ல பூசினாப்ல அப்பிக்கிச்சு, மணல் நின்னுச்சு. 1901 ஜனவரி 10-ல எண்ணெய் பீறிட்டுக் கிளம்பினது. அடக்கவே 9 நாள் ஆச்சு.

இப்போ இந்தச் சேறு என்ன பண்ணுதுன்னு பாருங்க. குழாய்க்குள்ள கீழே இறங்கி, பிட்டோட துளை வழியா பீச்சி, அதைக் குளிர வெச்சு, நொறுங்கின கல்லையெல்லாம் வாரிக்கிட்டு குழாய்க்கு வெளிப்பக்கமா மேல வரும். மேல சல்லடை கல்லைப் பிரிச்சுடும், சேறு திரும்ப உள்ள போயிடும். பம்ப்பை நிறுத்தினா? கல்லெல்லாம் அடியில போய் பிட்டைப் புதைச்சுடணுமே? அங்கதான் பென்டோனைட் களிமண். ஆடுற வரைக்கும் தண்ணி மாதிரி ஓடும், அசையாம விட்டா கூழ் மாதிரி கெட்டியாகி கல்லை அந்தரத்துலயே பிடிச்சுக்கும். மறுபடி பம்ப் போட்டா இளகிடும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அடுத்தது எடை. தண்ணியை விட 1.2 மடங்கு கனமான சேறு 3,000 மீட்டர் ஆழத்துக்கு நின்னா, அடியில காத்து அழுத்தத்தைப் போல கிட்டத்தட்ட 350 மடங்கு அழுத்தும். பாறைக்குள்ள இருக்கிற கேஸை அமுக்கி வெச்சிருக்கிறதே அதுதான். கனம் பத்தலைன்னா பாரைட்ங்கற கனமான கனிமத் தூளைக் கலப்பாங்க. கூடிப்போனா பாறை விரிசல் விட்டு சேத்தைக் குடிச்சுடும். குறைஞ்சா கேஸ் உள்ள புகுந்துடும், அதுக்குப் பேரு 'கிக்'. தொட்டியில சேத்து மட்டம் தானா ஏறுதுன்னா ரிக்ல, அதாவது கிணறு தோண்டுற மேடையில, யாரும் டீ குடிச்சிட்டு நிக்க மாட்டாங்க.

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவுல டீப்வாட்டர் ஹொரைசன்ங்கற ரிக். கிணத்தை மூடுற நேரத்துல கனமான சேத்தை எடுத்துட்டு லேசான கடல் தண்ணியை விட்டுக்கிட்டிருந்தாங்க. அடியில போட்டிருந்த சிமென்ட் கேஸைத் தடுக்கலை. அதுக்கு முன்னாடி பண்ணின அழுத்தச் சோதனையையும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. கேஸ் மேல வந்து வெடிச்சு 11 பேர் செத்துப்போனாங்க. வேற தப்புகளும் இருந்துச்சு, அதுக்குத் தனி வீடியோவே வேணும்.

இன்னொண்ணு விட்டுட்டேன். பிட் எந்தப் பக்கம் திரும்புதுன்னு மேல சொல்றதும் இதே சேறுதான்! அடியில ஒரு வால்வு திறந்து மூடும். அந்த அழுத்தத் துடிப்பு சேத்து வழியாவே மேல வரும். வினாடிக்குச் சில பிட்தான் (இது டிரில் பிட் இல்லை, கம்ப்யூட்டர்ல 0, 1-னு சொல்ற தகவல் பிட்). அந்த வேகத்துல இந்த வீடியோ வந்திருந்தா நீங்க இன்னும் 'வணக்கம்'லயே இருப்பீங்க.