வரிசை எங்கே நிற்கிறது?

வணக்கம் நேயர்களே. செங்கோட்டை, புளியரை, பாவூர்சத்திரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஓணம் வாரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போகும். அந்த நேரம் பார்த்துத்தான் மண்டியில் பில் போடுகிற கணினி சுற்றிக்கொண்டே நிற்கும்.

அப்படி ஒரு மண்டிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பில் வருவதற்குள் டிரைவர் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார். "தம்பி, மெஷினு பழசாயிட்டு, பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டிருவோமா?" என்றார் முதலாளி. "அண்ணாச்சி, முதல்ல வரிசை எங்க நிக்குன்னு பாப்போம்" என்றேன். எங்கே போனாலும் இதைத்தான் சொல்வேன்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

அளந்து பார்த்தால் பிராசசர் சும்மா கிடக்கிறது, டிஸ்க் மட்டும் மூச்சுவிடாமல் ஓடுகிறது. எந்தக் கேள்விக்கு டேட்டாபேஸ் அதிக நேரம் எடுக்கிறது என்று பதிவாகும் லாகைத் திறந்தோம். பில்லின் அடியில் 'பழைய பாக்கி' என்று ஒரு வரி வருகிறது இல்லையா, அதுதான். அந்த ஒரு வரிக்காக, மென்பொருள் போட்ட நாளிலிருந்து வந்த எல்லா வாடிக்கையாளர் கணக்கையும் ஒவ்வொரு பில்லுக்கும் முதலிலிருந்து படித்துக் கூட்டிக்கொண்டிருந்தது. பேரேட்டில் அந்த வாடிக்கையாளரின் பக்கத்தைத் திறக்காமல், அன்றாட வரவுசெலவு எழுதும் நாளேட்டை முதல் தாளிலிருந்து புரட்டுகிற மாதிரி. வாடிக்கையாளர் எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டோம், அதாவது யார் கணக்கு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு பட்டியல். அப்புறம் கணக்காண்டு முடியும் மார்ச் 31 அன்று ஒவ்வொருவருக்கும் இருந்த பாக்கியைத் தனியாக எழுதிவைத்து, அதற்குப் பிந்தைய வரவுசெலவை மட்டும் கூட்டச் சொன்னோம். அவ்வளவுதான், பழைய மெஷினிலேயே பட்டென்று பில் வந்தது. இண்டெக்ஸ் நல்லது என்று எல்லாப் பத்தியிலும் போட்டுவிடவும் கூடாது, ஒவ்வொரு பதிவு ஏறும்போதும் அவற்றையும் திருத்த வேண்டும், எழுதுவது மெதுவாகிவிடும்.

சரி, நேற்று வரை ஓடியது இன்று ஏன் திடீரென்று படுக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், அழைப்புகள் தாறுமாறாக வந்தால் இணைப்பு எப்படி நெரியும் என்று 1909இலேயே கணக்குப் போட்டு எழுதினார். அவர் தொடங்கிவைத்த வரிசைக் கணக்கு நம் சர்வருக்கும் அப்படியே பொருந்துகிறது. சராசரியாக ஒரு நொடி பிடிக்கும் வேலை என்று வையுங்கள். மெஷின் பாதி நேரம் வேலையாக இருந்தால் காத்திருப்பும் சேர்த்து 2 நொடி. 80 சதவீதம் என்றால் 5. 90 என்றால் 10. 95 சதவீதத்தில் 20 நொடி! 90க்கும் 95க்கும் நடுவில் கூடிய வேலை கொஞ்சம்தான், காத்திருப்போ இரண்டு மடங்கு. 'இன்னும் 5 சதவீதம் மிச்சம் இருக்கே' என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறும். ஓணத்துக்கு முன்பே கொஞ்சம் காலியாக வைத்திருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், மீதியைச் சுருக்கிவிடுகிறேன். பேக்கப்பையும் மாத ரிப்போர்ட்டையும் லாரி ஏற்றுகிற நேரத்தில் ஓட்டாதீர்கள், நள்ளிரவுக்குத் தள்ளுங்கள். அப்புறம், ஒத்திகை. லாரியில் சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டுதான் இ-வே பில். 2018 பிப்ரவரி 1ஆம் தேதி அது தொடங்கிய அன்றே தளம் திணறியது. ஒத்திவைத்து ஏப்ரல் 1இல்தான் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்குக் கட்டாயமானது. ஆகவே ஓணம் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாள் பிறப்பதற்கு முன்பே, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பொய் பில்களைச் சோதனைக் கணினியில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.