கஞ்சா பயன்படுத்துபவரின் துப்பாக்கி உரிமை: அமெரிக்க அரசமைப்பு எழுப்பும் வினா

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கச் செல்பவர் முதலில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதன் எண் 4473. பெயர், முகவரி, பிறந்த நாள் ஆகியவற்றுக்குப் பின் 'ஆம்', 'இல்லை' என்று விடையளிக்க வேண்டிய வினாக்கள் வரிசையாக வரும். கஞ்சாவையோ கட்டுப்படுத்தப்பட்ட வேறு போதைப்பொருளையோ சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்துபவரா, அவற்றுக்கு அடிமையானவரா என்று அவற்றுள் ஒரு வினா கேட்கிறது. அந்த வினாவோடு ஓர் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கிறது: நீங்கள் வாழும் மாநிலம் மருத்துவத்துக்கென்றோ பொதுப் பயன்பாட்டுக்கென்றோ கஞ்சாவை அனுமதித்திருந்தாலும், கூட்டாட்சிச் சட்டத்தின்படி அது குற்றமாகவே நீடிக்கிறது. 'ஆம்' என்று எழுதினால் கடைக்காரர் துப்பாக்கியைத் தர முடியாது. பயன்படுத்திக்கொண்டே 'இல்லை' என்று எழுதினால், பொய் சொன்ன குற்றத்துக்காகப் பத்தாண்டு வரை சிறை செல்ல நேரலாம்.

இந்த வினாவுக்கு அடிப்படையாக இருப்பது, 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்த ஒரு பிரிவு. போதைப்பொருளைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்துபவர் எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. மீறினால் பத்தாண்டு வரை சிறை என்றிருந்த தண்டனையை 2022-இல் நாடாளுமன்றம் பதினைந்து ஆண்டாக உயர்த்தியது. 1970-இல் வந்த போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமோ கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலில் வைத்தது. இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் நாம் இன்று பேச வந்த சிக்கல் பிறக்கிறது.

மாநிலங்கள் வேறு வழியில் நடந்தன. 1996-இல் கலிபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது; 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் பொதுப் பயன்பாட்டுக்கே வழி திறந்தன; பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து அத்தகைய மாநிலங்களின் எண்ணிக்கை 24-ஐ எட்டியது. மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சித் தடை செல்லும் என்று 2005-இல் ரெய்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் 2014 முதல், மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாத் திட்டங்களில் குறுக்கிட நீதித் துறைக்குப் பணம் ஒதுக்குவதில்லை என்ற விதியை அதே நாடாளுமன்றம் நிதிநிலைச் சட்டங்களில் சேர்த்து வருகிறது. நோயாளியின் மருந்தில் தலையிடாதே என்று ஒரு கையால் எழுதிவிட்டு, அவர் வீட்டில் துப்பாக்கி இருந்தால் சிறைக்கு அனுப்பு என்று மறு கையால் எழுதுவது முறையான சட்டமியற்றல் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

இதன் கூர்மையை நெவாடாவில் எழுந்த வில்சன் வழக்கில் காணலாம். அங்கே ஒரு பெண் மருத்துவக் கஞ்சா அட்டை பெற்றிருந்தார். 2011-இல் துப்பாக்கி வாங்கக் கடைக்குச் சென்றார். அவரிடம் அட்டை இருப்பதைக் கடைக்காரர் அறிந்திருந்ததால் விற்க மறுத்துவிட்டார். தாம் கஞ்சாவைப் பயன்படுத்தவே இல்லை என்று நீதிமன்றத்தில் அந்தப் பெண் கூறினார். அட்டை வைத்திருந்தது மட்டுமே அவருக்கு எதிரான சான்று. ஆயினும் 2016-இல், உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களுள் ஒன்றான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அரசமைப்பின் அளவுகோலே மாறியது. 1791-இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தம் தனிமனிதரின் ஆயுத உரிமையைக் காக்கிறது என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2022-இல் புரூயன் வழக்கில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு, ஒரு கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறது என்பதை அரசே நிறுவ வேண்டும் என்று விதித்தது. 2024-இல் ரஹீமி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதைச் சற்று நெகிழ்த்தினார்: பழைய சட்டம் அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை, அதன் அடிப்படைக் கொள்கை பொருந்தினால் போதும். குடும்ப வன்முறைக்காகத் தடை ஆணை பெற்ற ஒருவரின் துப்பாக்கியைப் பறிப்பது அந்த வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் செல்லுபடியானது. அங்கே அந்த மனிதர் பிறருக்கு ஆபத்தானவர் என்று ஒரு நீதிமன்றம் முன்கூட்டியே கண்டறிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். என் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

சரி, வரலாறு என்ன சொல்கிறது? அரசமைப்பு இயற்றப்பட்ட காலத்தில் கஞ்சாத் தடை என்று எதுவும் இல்லை. ஆகவே இரு தரப்பும் மதுவைப் பற்றிய சட்டங்களையே புரட்டிப் பார்க்கின்றன. குடிக்கும் வேளையில் துப்பாக்கி சுடுவதைத் தடுத்து 1655-இலேயே வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கி சுடுவதை நியூயார்க் 1771-இல் தடுத்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் கான்சாஸ், மிசௌரி, விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் போதையில் இருப்பவர் ஆயுதம் ஏந்துவதைக் குற்றமாக்கின. இவை அனைத்தும் போதையும் ஆயுதமும் ஒருங்கே இருக்கும் அந்த நேரத்தை மட்டுமே தொட்டன. மாலையில் மது அருந்தியவர் மறுநாள் தெளிந்த நிலையில் தம் வீட்டில் துப்பாக்கி வைத்திருந்ததற்காக அவரைத் தண்டிக்க இச்சட்டங்களில் இடமில்லை.

இதையே 2023-இல் டேனியல்ஸ் வழக்கிலும், 2024-இல் கானலி வழக்கிலும் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துரைத்தது. போதையில் இருக்கும் ஒருவரின் ஆயுதத்தைக் கட்டுப்படுத்த மரபு இடம் தரலாம். முன்பு பயன்படுத்தினார் என்பதற்காக மட்டும், தெளிந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பறிக்க மரபு இல்லை என்றது. அதே வழியில் டெக்சாசைச் சேர்ந்த ஹெமானி மீதான குற்றச்சாட்டும் தள்ளுபடியானது. தாம் ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு நாள் கஞ்சா புகைப்பதாக அவரே விசாரணையாளர்களிடம் கூறியிருந்தார். இந்த வழக்கைத்தான் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரணைக்கு ஏற்றது. துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் தேசிய ரைபிள் சங்கமும், குடிமை உரிமைகளுக்காகப் பேசும் ஏ.சி.எல்.யூ. அமைப்பும் குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் நின்றன. துப்பாக்கி உரிமையைப் போற்றுவதாகச் சொல்லும் டிரம்ப் அரசு சட்டத்தின் பக்கம் நின்றது.

அரசு முன்வைத்த வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பழங்காலத்தில் 'வழக்கமான குடிகாரர்' என்று கருதப்பட்டவர்களை அலைந்து திரிவோருக்கான சட்டங்களின் கீழ்ப் பிடித்து அடைத்தார்கள். அடைக்கவே முடிந்தபோது ஆயுதத்தைப் பறிக்கக் கூடாதா என்று அரசு கேட்கிறது. மேலும், இந்தத் தடை நிரந்தரமன்று, பழக்கத்தை விட்டால் உரிமை திரும்பிவிடும் என்கிறது. போதையும் துப்பாக்கியும் சேர்ந்த வீடுகளில் நேரும் சாவுகளை நானும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய சட்டங்கள், குடியால் வாழ்வும் பொறுப்பும் குலைந்தவர்களைக் குறித்தவை. அவ்வப்போது குடித்தவரை எவரும் அப்படி அழைக்கவில்லை. இன்றைய பிரிவோ, வாரத்துக்கு இரண்டு முறை தூக்கத்துக்காகக் கஞ்சா எடுக்கும் பெண்மணியையும் துப்பாக்கியோடு தெருவில் போதை விற்பவரையும் ஒரே சொல்லால் அடக்கிவிடுகிறது. 'விட்டுவிட்டால் போதும்' என்ற விடை, தீராத வலிக்கு மருத்துவர் பரிந்துரைத்ததைப் பயன்படுத்துபவரிடம் எடுபடாது. அவரை வலியோடு வாழச் சொல்வதே அதன் பொருள்.

விலக்கு வேண்டுவோர் நீதித் துறையின் தலைவரான தலைமை வழக்குரைஞரிடம் விண்ணப்பிக்கலாமே என்றும் அரசு காட்டுகிறது. சட்டத்தில் அந்த வழி இருக்கிறது. ஆனால் தனிமனிதர் அளிக்கும் அத்தகைய விண்ணப்பங்களை ஆராயப் பணம் செலவிடக் கூடாதென்று 1992 முதல் நாடாளுமன்றமே தடுத்துவைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த கதவை ஓர் உரிமையின் பாதுகாவலாகக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்றலாம் என்று 2024 மே மாதம் நீதித் துறை முன்மொழிந்தபோது, இச்சிக்கலும் தீரும் என்று பலர் நம்பினார்கள். தீராது. மூன்றாம் பட்டியலில் உள்ளதும் கட்டுப்படுத்தப்பட்ட பொருளே. மாநில விற்பனைக் கடையில் வாங்குவது அப்போதும் கூட்டாட்சிச் சட்டத்துக்கு உட்பட்ட மருந்துச் சீட்டில் வாங்குவதாகாது.

தீர்வு நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. போதையில் இருக்கும்போது ஆயுதம் ஏந்துவதைத் தெளிவான சொற்களில் குற்றமாக்கட்டும். ஒருவரது பழக்கம் அவரை ஆபத்தானவராக்கிவிட்டது என்று அரசு கருதினால், அதை ஒரு நீதிபதியின் முன் சான்றோடு நிறுவட்டும். அந்த மனிதருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இருக்கட்டும். தடைக்கு ஒரு கால வரம்பும், மறுபரிசீலனை கோர ஒரு வழியும் இருக்கட்டும். ரஹீமிக்கு எதிரான ஆணை ஒரு நீதிமன்றம் கண்டறிந்த ஆபத்தின் மேல் நின்றது. அந்த அளவு விசாரணையேனும் மருத்துவ அட்டை வைத்திருக்கும் ஒரு நோயாளிக்குக் கிடைக்க வேண்டும்.