பீரில் புளியும் நெத்திலியுமா? மெக்சிகோவின் மிச்செலாடாவை வீட்டில் கலக்கும் முறை

[திரையில்: விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் ஒட்டிய உயரமான கண்ணாடிக் குவளை]

குளிர்ந்த பீரில் எலுமிச்சையைப் பிழிகிறார்கள். உப்பு போடுகிறார்கள். மிளகாய்ச் சாஸ் ஊற்றுகிறார்கள். அதோடு விடுவதில்லை, புளியும் நெத்திலியும் ஊறிய ஒரு கறுப்புச் சாற்றையும் சேர்க்கிறார்கள். மெக்சிகோவில் கடலோர உணவகத்திலும் தெருவோரக் கடையிலும் விரும்பிக் குடிக்கிற பானம் இது. பெயர் மிச்செலாடா. அந்தப் புளிக்கும் நெத்திலிக்கும் இங்கே என்ன வேலை என்பதைச் சொல்லத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடித்துவிட்டு வண்டியைத் தொடவே கூடாது. பீர் வேண்டாதவர்களுக்கும் மெக்சிகோவிலேயே ஒரு வகை இருக்கிறது, கடைசிவரை பாருங்கள்.

வரலாறு சுருக்கமாக. சான் லூயிஸ் போட்டோசி நகரத்து விளையாட்டு மன்றம் ஒன்றில் மிச்செல் என்ற உறுப்பினர் இப்படிக் கேட்டுக் குடித்தார் என்பது ஒரு கதை. புரட்சிக் காலத்துப் படைத்தலைவர் ஒருவரைச் சொல்வது இன்னொரு கதை. இரண்டுக்கும் உறுதியான சான்று கிடையாது, எனவே நகர்ந்துவிடுவோம். பெயரும் ஊருக்கு ஊர் மாறும். தலைநகர் மெக்சிகோ சிட்டியில் மிச்செலாடா என்று கேட்டால் எலுமிச்சையும் உப்பும் மட்டும் சேர்ந்த பீரைத் தருவார்கள். சாஸ்கள் வேண்டுமென்றால் ‘குபானா’ என்று கேட்க வேண்டும். மற்ற பல ஊர்களில் எலுமிச்சை, உப்பு மட்டும் என்றால் அது ‘செலாடா’.

[திரையில்: கறுப்புச் சாஸ் புட்டி, அருகில் புளி, நெத்திலிக் கருவாடு, வெங்காயம், பூண்டு]

இப்போது அந்தக் கறுப்புச் சாறு. அதுதான் வூஸ்டர்ஷயர் சாஸ். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் லீ, பெரின்ஸ் என்ற இரண்டு மருந்துக்கடைக்காரர்கள் 1837இல் விற்கத் தொடங்கிய பொருள். புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். வினிகர், வெல்லப்பாகு, சர்க்கரை, உப்பு, நெத்திலி இனத்து மீன், புளி, வெங்காயம், பூண்டு. நெத்திலிக் குழம்புக்கு எடுத்து வைக்கும் சாமான்கள்தானே இவை! முதன்முறை படித்தபோது எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. புளிப்பும் மீனின் ஆழ்ந்த சுவையும் ஒன்றையொன்று தூக்கி நிறுத்தும் என்பதை நம் நாக்கு எப்போதோ அறிந்திருக்கிறது. மெக்சிகோக்காரர்கள் அதைப் பீரில் செய்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சைவ உணவுக்காரர்கள் கவனியுங்கள்: மீன் சேர்க்காத சாஸ்களும் கடைகளில் கிடைக்கின்றன, பார்த்து வாங்குங்கள்.

புளி இந்தச் சாஸோடு நின்றுவிடவில்லை. ஸ்பானியர்கள் கொண்டுபோன புளியமரம் மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் நன்றாக வேரூன்றிவிட்டது. கொலிமா, குவெர்ரேரோ மாநிலங்களில் இன்று விளைச்சலே இருக்கிறது. புளி விழுதும் மிளகாயும் பூசிய உறிஞ்சு குழல் ஒன்றை மிச்செலாடாவுக்குள் செருகித் தருகிறார்கள். குடித்துக்கொண்டே அந்தப் புளியைச் சப்பலாம்! மெக்சிகோ சிட்டியின் தெபீட்டோ சந்தைப் பகுதியில் இதெல்லாம் திருவிழாக் கோலம்தான். பெரிய பெரிய குவளைகள், விளிம்பு முழுக்க இனிப்பும் புளிப்பும் காரமுமாகச் சாமோய் என்ற பழச் சாஸ். மிளகாய் அங்கிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். புளி அங்கே போன கதையை யாரும் சொல்லித் தருவதில்லை.

எலுமிச்சை விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். மெக்சிகோவில் இதற்குச் சிறந்தது என்று தேடுவது சிறிய, மெல்லிய தோலுள்ள, மணம் மிகுந்த பழம். நம் சந்தையில் குவித்து வைத்திருப்பதும் அதே இனம்தான். புட்டியில் அடைத்த சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். மணம் போய்விடும், கசப்புதான் மிஞ்சும்.

[திரையில்: தட்டில் கல் உப்பு, மிளகாய்த்தூள்]

கலக்கலாம். கல் உப்பை ஒன்றிரண்டாகப் பொடித்து, அதே அளவு மிளகாய்த்தூள் சேர்த்துத் தட்டில் பரப்புங்கள். மெக்சிகோவில் தஹீன் என்ற பொடியைப் பயன்படுத்துவார்கள். மிளகாய், உப்பு, எலுமிச்சை கலந்த பொடி அது, 1985 முதல் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் தயாராகிறது. அது கிடைக்காவிட்டால் கவலையே இல்லை, எலுமிச்சைத் தோலைத் துருவி உலர்த்திச் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்தச் சுவை வந்துவிடும். காரம் தாங்காதவர்கள் காஷ்மீரி மிளகாய் எடுங்கள். எனக்குப் பிடித்தது ராமநாதபுரம் முண்டு மிளகாய். குவளையின் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்து, தட்டில் கவிழ்த்து ஒருமுறை சுழற்றுங்கள்.

குவளைக்குள் முதலில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பிறகு ஒரு தேக்கரண்டி வூஸ்டர்ஷயர் சாஸ், அரைத் தேக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி மிளகாய்ச் சாஸ், ஒரு சிட்டிகை மிளகுத்தூள். சோயாவுக்குப் பதிலாக மெக்சிகோவில் மேகி நிறுவனத்தின் கறுப்புச் சாறு ஊற்றுபவர்களும் உண்டு. மிளகாய்ச் சாஸ் புளிப்பாக இருக்க வேண்டும். தித்திக்கும் சில்லி சாஸ் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, வினிகரும் உப்பும் விட்டு அரைத்து வடிகட்டினால் வீட்டுச் சாஸ் தயார்.

உப்பு போதாதென்று தோன்றினால் இப்போதே, இந்தச் சாற்றில் போட்டுக் கரைத்துவிடுங்கள். பீர் ஊற்றிய பிறகு போட்டால் ஒவ்வொரு உப்புத் துகளையும் பற்றிக்கொண்டு கரியமில வாயு குமிழியாக வெளியேறும். நுரை பொங்கி மேசையெல்லாம் வழியும், குவளையில் உயிரில்லாத பீர்தான் இருக்கும். முதலிலேயே கரைந்த உப்பு பீரின் கசப்பையும் அடக்கிவிடும். உப்பு பீரோடு இவ்வளவு ஒத்துப்போவதற்கு அதுதான் காரணம்.

பனிக்கட்டி நிரப்பி, குவளையைச் சாய்த்துப் பிடித்து, 330 மி.லி. பீரை மெதுவாக ஊற்றுங்கள். மென்மையான லாகர் வகைதான் சரி. ஸ்ட்ராங் என்று எழுதிய புட்டியை ஒதுக்கிவையுங்கள். அதன் வீச்சில் எலுமிச்சை மணமே தெரியாது. காரம் ஏறினால் மடமடவென்று குடித்துத் தணிக்கப் பார்க்காதீர்கள். மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது, பீரில் இருக்கும் கொஞ்சம் ஆல்கஹாலும் அதற்குப் போதாது, குமிழிகளோ எரிச்சலைக் கூட்டும்.

கிளமாட்டோ பற்றிக் கேட்பீர்கள். தக்காளிச் சாற்றில் சிப்பி இறைச்சியின் சாறு சேர்த்த, 1960களில் அமெரிக்காவில் பிறந்த பானம். மெக்சிகோவின் வடக்கில் அதையும் தாராளமாக ஊற்றுவார்கள். எனக்கு அது பீரைச் சூப்பாக்கிவிடுகிறது.

பீர் வேண்டாதவர்களுக்கு: அதே குவளை, அதே விளிம்பு, அதே சாறு, பீருக்குப் பதில் நன்றாகக் குளிர்ந்த சோடா. மெக்சிகோவில் மினரல் வாட்டரை இப்படிக் கலந்து குடிப்பது வழக்கம். சோடாவில் பீரின் கசப்பு இல்லாததால் எலுமிச்சையையும் சாஸ்களையும் பாதியாகக் குறையுங்கள். செய்து பார்த்தவர்கள் எந்த ஊர் மிளகாயைப் போட்டீர்கள் என்று கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குண்டூர் மிளகாய் போட்டுச் செய்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள், அடுத்த முறை அதில்தான் செய்து காட்டப்போகிறேன்.