பி.எட். சேரப்போறீங்களா? காலேஜைப் பாக்கறதுக்கு முன்னாடி அவங்க அனுப்பற ஸ்கூலைப் பாருங்க

வணக்கம் தம்பிகளா, தங்கச்சிகளா. இப்ப நான் நிக்கறது நீடாமங்கலம் மூணாறு தலைப்புல. வெண்ணாறு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் பிரியற எடம். தண்ணிச் சத்தம் கூடவே கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. வீட்டுல உக்காந்து பேசினா அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்துடறாங்க, அதான் இங்க வந்துட்டேன்.

டிகிரி ரிசல்ட் வந்ததுலேந்து ஒரே கேள்விதான் வருது. "அக்கா, ஒரு காலேஜ்ல தெனமும் வர வேணாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், வருகைப் பதிவை நாங்க பாத்துக்கறோம்னு சொல்றாங்க. சேரலாமா?"

சேராதீங்க. கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கறேன். எங்கிட்டயும் ஒரு ஏஜென்ட் இதே வார்த்தையைச் சொன்னாரு. அன்னிக்கு எங்கப்பா "அப்ப எம்பொண்ணு எங்க போயிதான் கத்துக்கறது?"ன்னு கேட்டாரு. ஏஜென்ட்கிட்ட பதில் இல்ல.

மொதல்ல எது எதுக்குன்னு வேகமா சொல்லிடறேன். ஒண்ணாவதுலேந்து அஞ்சாவது வரைக்கும் பாடம் எடுக்கணும்னா டி.எல்.எட்.ங்கற தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம், பிளஸ் டூ முடிச்சு ரெண்டு வருஷம், அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, அதுல மொதல் தாள். பி.எட். படிச்சவங்க சின்னப் புள்ளைங்களுக்கும் எடுக்கலாம்னு ஒரு காலத்துல இருந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஆறுலேந்து பத்து வரைக்கும் பட்டதாரி ஆசிரியர் ஆகணும்னா டிகிரி, பி.எட்., டெட் ரெண்டாம் தாள். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுகலையும் பி.எட்.டும் வேணும், அதுக்குத் தனித் தேர்வு.

பி.எட். 2015லேந்து ரெண்டு வருஷப் படிப்பா ஆயிடுச்சு. தமிழ்நாட்டுல ஏழு அரசு கல்வியியல் கல்லூரி இருக்கு, அதுல ஒண்ணு நம்ம ஒரத்தநாட்டுலயே இருக்கு. மார்க் இருந்தா மொதல்ல அதுக்கு விண்ணப்பம் போடுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த ரெண்டு வருஷத்துல 20 வாரம் ஸ்கூல்ல இருக்கணும்னு ஆசிரியர் படிப்புகளுக்கு விதி போடற தேசியக் கவுன்சில், என்.சி.டி.இ., அதோட விதியே இருக்கு. மொத வருஷம் 4 வாரம், ரெண்டாம் வருஷம் 16 வாரம். "வர வேணாம்"னு சொல்ற எடத்துல உங்ககிட்டேந்து பறிபோறது இந்த 20 வாரம்தான். மீதியப் புக்கு வாங்கிக்கூடப் படிச்சுக்கலாம்.

அந்தப் பயிற்சிக்கு எனக்கு ஒரு கிராமத்து அரசுப் பள்ளி கெடைச்சுது. காலேஜ்ல மைக்ரோ டீச்சிங் பண்ணப்ப நான்தான் நல்லாப் பண்றேன்னு பேரு. கூடப் படிக்கறவங்களே மாணவர்களா உக்காந்திருப்பாங்க, அஞ்சு நிமிஷம், எல்லாரும் தலையாட்டுவாங்க. அந்தத் தெம்புல ஆறாம் வகுப்புக்குப் போனேன். பின்னங்கள் கூட்டல். ராத்திரி முழுக்க உக்காந்து வட்ட வட்டமா சப்பாத்தி சார்ட் வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். கால் சப்பாத்தியும் இருபதுல ஒரு பங்கு சப்பாத்தியும் சேந்தா எவ்வளவுன்னு கேக்கறேன். ஒரு புள்ளை வாயத் தொறக்கல. சப்பாத்திய யாரு இருபதாப் பிப்பாங்க?

கடைசி வரிசையிலேந்து ஒரு பையன் எழுந்தான். காலையில நடவுக்கு நாத்துக்கட்டு தூக்கிப் போட்டுட்டு நேரா வந்திருக்கான், கால்ல சேறு காயல. "டீச்சர், எங்களுக்கு ஒரு மா நெலம் இருக்கு. அது ஒரு வேலில எத்தனைல ஒண்ணு?"ன்னான்.

எனக்குப் பதில் தெரியல. எங்க கைடு டீச்சர், அதாவது பயிற்சிக்கு வந்த எங்களப் பாத்துக்கற அந்த ஸ்கூல் டீச்சர், பின்னாடி பெஞ்சுல உக்காந்து நோட்டுல எழுதிட்டிருந்தாங்க. அவங்க எழுந்து வந்து சாக்பீஸ் வாங்கினாங்க. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலின்னு எழுதினாங்க. "கால் வேலின்னா எத்தனை மா?" கிளாஸே கத்துது, "அஞ்சு மா!" "அதோட ஒரு மா சேந்தா?" "ஆறு மா!" "அப்ப வேலில எவ்வளவு?" அந்தப் பையனே வந்து எழுதினான், 6/20. பகுதியச் சமமாக்கணும்னு நான் பத்து தடவை சொல்லியும் போகாதது அங்க ரெண்டு நிமிஷத்துல போச்சு.

அப்புறம் ஸ்டாஃப் ரூம்ல டீச்சர் சொன்னாங்க: "மாங்கறது பழைய தமிழ்க் கணக்குல இருபதுல ஒண்ணும்மா. காணின்னா எண்பதுல ஒண்ணு. இந்தப் புள்ளைங்க வரப்புல நடக்கறப்பவே பின்னத்துலதான் நடக்குதுங்க." நான் கணக்குல டிகிரி வாங்கினவ, இந்த டெல்டாவுலயே பொறந்தவ. அன்னிக்குத்தான் அது எனக்குத் தெரிஞ்சுது.

இன்னொண்ணு. மொத நாள் அவங்க எனக்குக் காட்டினது கரும்பலகைய இல்ல, படிக்கட்ட. எந்தக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும், தீப்புடிச்சா எந்த வகுப்பு மொதல்ல எறங்கணும்னு நடத்திக் காட்டினாங்க. 2004 ஜூலை 16, கும்பகோணத்துல ஸ்கூல் தீப்புடிச்சு 94 குழந்தைங்க போயிட்டாங்க. நம்ம பக்கத்துல ஆசிரியரா வரவங்க யாரும் அத மறந்துட்டு வகுப்புக்குள்ள கால் வைக்கக்கூடாது.

டெட் பத்தியும் கேக்கறீங்க. அது வேலைக்கான ஆர்டர் இல்ல, தகுதி மட்டும்தான். 150 கேள்வி, 150 மார்க். நான் எழுதினப்ப பாஸ் மார்க் பொதுப்பிரிவுக்கு 90, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 82. பாஸ் பண்ணினா இப்ப ஆயுசுக்கும் செல்லும். ஆனா 2018ல போட்ட அரசாணைப்படி வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும். நான் 2019ல டெட் எழுதி நாலு மார்க்ல போச்சு. அடுத்த தேர்வு வர மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வருஷங்கள்ல அழுதிருக்கேன், மறைக்க ஒண்ணும் இல்ல. 2023 பிப்ரவரில ரெண்டாம் தாள் தேறினேன். அதுல குழந்தை மேம்பாடு 30 கேள்வி வரும். படிச்சு எழுதினத விட அந்த ஆறாம் வகுப்ப நெனைச்சு நெனைச்சு எழுதினதுதான் ஜாஸ்தி.

ஏற்கனவே வேலைல இருக்கறவங்களுக்கும் இப்ப அது வந்துடுச்சு. ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு 2025 செப்டம்பர்ல தீர்ப்பு. ஸ்டாஃப் ரூம்ல அம்பது வயசு அக்காமாரெல்லாம் கேள்வித்தாள வச்சுட்டு உக்காந்திருக்காங்க. பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய நெலமைல இருக்கறவங்க தயவுசெஞ்சு கூட உக்காருங்க.

அதனால காலேஜ் பாக்கப் போறப்ப ஆபீஸ் ரூம்லயே நின்னுடாதீங்க. ரெண்டாம் வருஷம் படிக்கறவங்களத் தேடிப் பிடிங்க. எந்த ஸ்கூலுக்கு அனுப்பினாங்க, எத்தனை வாரம், கைடு டீச்சர் வகுப்புல வந்து உக்காந்தாங்களான்னு கேளுங்க. லெசன் ப்ளான் நோட்ட வாங்கிப் பொரட்டுங்க. செவப்பு மையில திருத்தி இருந்துச்சுன்னா நம்பிச் சேரலாம்.

மதகு பாத்துக்கற லஸ்கர் அண்ணன் ஷட்டர் ஏத்த வந்துட்டாரு, சத்தம் இன்னும் பெருசாகும். என்னோட பழைய நோட்டு பரண்ல இருக்கு. அந்தச் சப்பாத்திப் பாடத்துப் பக்கத்துல டீச்சர் என்ன எழுதினாங்கன்னு அடுத்த வீடியோல காட்டறேன்.