ஒட்டியிருந்தும் சேராத இரண்டு பொருள்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் பொறியியல் கணக்குப் போடுகிறவர்கள் பலரும் இடறும் ஓர் இடத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். எனக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். சிறிய மின்னணுச் சில்லு ஒன்று, அதன் மேல் சூட்டை வெளியேற்ற ஓர் அலுமினிய ஹீட் சிங்க். சில்லுக்குள் 5 வாட் வெப்பம் உண்டாகிறது. சில்லு எவ்வளவு சூடாகும்? கேள்வி அவ்வளவுதான்.

ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் இரண்டையும் வரைந்தேன். திரையில் மயிரிழை இடைவெளிகூட இல்லை. மெஷ் போட்டு, அதாவது இரண்டையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, கணக்கை ஓடவிட்டேன். நேரம் ஆக ஆகச் சில்லின் சூடு ஏறிக்கொண்டே போனது. அதன் தலைமேல் உட்கார்ந்திருந்த அலுமினியமோ 30 டிகிரியை விட்டு அசையவில்லை. வெப்பக் கடத்துதிறனைத் தப்பாகக் கொடுத்துவிட்டேனோ என்று இரண்டு நாள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சில்லிலிருந்து அலுமினியத்துக்கு வெப்பம் போகத்தான் வழியே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஃபைனைட் எலிமென்ட் முறையில் ஒரு பொருளைப் பல்லாயிரம் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறோம். துண்டுகளின் மூலைகளைக் கணுக்கள் என்போம். ஒரு துண்டில் நடப்பது பக்கத்துத் துண்டுக்குத் தெரியவேண்டுமென்றால், இரண்டுக்கும் பொதுவான கணுக்கள் இருக்கவேண்டும். என் சில்லுக்குத் தனிக் கணுக்கள், அலுமினியத்துக்குத் தனிக் கணுக்கள். ஒரு முகத்தைப் பற்றி நாம் எதுவும் சொல்லாவிட்டால், வெப்பம் அதைக் கடக்காது என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். ஆக, நடுவில் நான் வைக்காத ஒரு காப்புச் சுவர் தானாக வந்து நின்றுவிட்டது.

வீட்டுத் தரையை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் இரண்டடி டைல்ஸ், சமையலறையில் ஓரடி டைல்ஸ், இரண்டும் தனித்தனியாக ஒட்டப்பட்டவை. நிலைப்படியில் வந்து பார்த்தால் கோட்டுக்குக் கோடு சேராது. கொத்தனார் குறுக்கே ஒரு கிரானைட் பட்டை போட்டுச் சமாளிப்பார். கோடு சேர்ந்தே ஆகவேண்டும் என்றால், முதல் டைல் வைப்பதற்கு முன்பே இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே நூல் பிடிக்கவேண்டும். மெஷ் வேலையிலும் நூல் பிடிக்கும் இடம் மெஷ்ஷுக்கு முந்தைய வடிவத்தில்தான் இருக்கிறது.

ஒரே அளவுள்ள இரண்டு கனசதுரங்கள் ஒட்டி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக எண்ணினால் 12 முகங்கள், 24 விளிம்புகள், 16 மூலைகள். தொடும் இடத்தில் ஒரே சதுரம் இரண்டு தடவை எண்ணப்படுகிறது. அதை ஒரே முகமாக்கிவிட்டால் 11 முகங்கள், 20 விளிம்புகள், 12 மூலைகள். பொது முகத்தில் மெஷ் ஒருமுறைதான் போடப்படும். இருபக்கமும் அதே கணுக்களைத்தான் பயன்படுத்தியாகவேண்டும்.

இதைச் செய்யும் கருவிக்கு ஃப்ரீகேடில் பூலியன் ஃபிராக்மென்ட்ஸ் என்று பெயர். அதில் காம்ப்சாலிட் முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டும்; பொருள்கள் தனித்தனியாகவே இருந்து, தொடும் முகத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளும். சலோமி என்ற இன்னொரு மென்பொருளில் இதையே பார்ட்டிஷன் என்பார்கள். பெல்ஜியத்தில் கோய்சேனும் ரெமாக்கலும் 1996-இல் தொடங்கிய ஜிமெஷ் என்ற மெஷ் மென்பொருளில் கோஹெரன்ஸ் என்ற ஒரே சொல் போதும். மூன்றும் இந்த வேலைக்கு நம்பியிருப்பது 1999-இல் திறந்த மூலமாக வெளிவந்த ஓப்பன் கேஸ்கேட் என்ற நிரல் நூலகத்தை. புதிதாக வருகிறவர்கள் இதற்குப் பதிலாக யூனியன் போட்டுவிடுவார்கள். அது இரண்டையும் உருக்கி ஒரே பொருளாக்கிவிடும். எது சிலிக்கான், எது அலுமினியம் என்ற பேதமே போய்விடும்.

இப்போது என் சில்லுக்கு வருவோம். பெரிய தட்டின் நடுவில் சின்னக் கட்டி. இங்கே எண்ணிக்கையை நம்பமுடியாது. முன்னாலும் 12 முகம், பின்னாலும் 12 முகம். விளிம்பும் மூலையும்கூட மாறாது. தட்டின் முகம் கட்டியின் தடத்தோடு இரண்டாகப் பிரிகிறது. தடம் கட்டியின் முகத்தோடு ஒன்றாகிறது. ஒன்று கூடி ஒன்று குறைகிறது, கணக்கு சமம். அதனால் எண்ணாதீர்கள், முகத்தைத் தொட்டுப் பாருங்கள். தட்டின் முகத்தைத் தேர்ந்தெடுத்தால் நடுவில் ஓட்டை தெரியவேண்டும்.

அப்புறம், வெளியிலிருந்து வரும் ஸ்டெப் கோப்புகள், அதாவது ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வடிவத்தைக் கொண்டுபோகும் கோப்புகள். அவற்றில் இரண்டு பொருளுக்கு நடுவே 0.02 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கருவி அதை இடைவெளி என்றே மதித்து விட்டுவிடும். ஒன்றுக்குள் ஒன்று அதே அளவு புதைந்திருந்தால் இன்னும் மோசம். காகிதம் போல மூன்றாவது பொருள் ஒன்று பிறந்து, மெஷ் அங்கே நொறுங்கிப்போகும். டாலரன்ஸை, அதாவது எவ்வளவு இடைவெளியைக் கருவி பொருட்படுத்தாமல் விடலாம் என்ற அளவை, கூட்டிப் பார்க்கலாம். நான் பெரும்பாலும் வடிவத்தையே திருத்திவிடுவேன், மனதுக்கு அதுதான் நிம்மதி. இன்னொன்று, முகங்களுக்குப் பெயர் வைப்பதை இதெல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியதும் முகங்களின் எண்கள் மாறிவிடும்.

எல்லா இடத்திலும் பொதுக் கணு தேவை என்று நான் சொல்லவில்லை. கணக்கைப் போட்டுத் தரும் கால்குலிக்ஸ் என்ற மென்பொருளில் டை என்று ஒரு கட்டளை உண்டு. சேராத இரண்டு மெஷ்ஷைக் கட்டிப்போடும். கொத்தனாரின் கிரானைட் பட்டை மாதிரிதான். பெரிய இயந்திரங்களில் அது இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் தொடும் இடத்திலேயே அழுத்தத்தையோ வெப்பத்தையோ நுணுக்கமாகப் பார்க்கவேண்டும் என்றால் பொதுக் கணுதான் என் விருப்பம். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பொருள்கள் என்றால் சரி, அங்கே கணுக்கள் தனித்தனியாகத்தான் இருக்கவேண்டும்.

சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் எப்போதும் செய்யும் சோதனை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கேயும் பிடித்துக் கட்டாமல், அதே மெஷ்ஷை வைத்து அதிர்வெண் கணக்கு ஒன்று ஓட்டுங்கள். அந்தரத்தில் மிதக்கும் ஒரு பொருள் மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுழலலாம். அதனால் முதல் 6 அதிர்வெண்களும் ஏறக்குறைய பூஜ்யமாக வரும், ஏழாவதுதான் உண்மையான அதிர்வு. பட்டியலில் 12 பூஜ்யம் வந்தால், அங்கே மிதப்பது இரண்டு பொருள். அந்தச் சில்லின் பழைய கோப்பைப் பிற்பாடு இப்படி ஓட்டிப் பார்த்தேன். 12 வந்தது.