மடை திறப்பதும் மடை அடைப்பதும்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பேராசிரியர் ஐயா உள்ளிட்ட பேச்சாளர்களே, தென்னந்தோப்பு வேலையையும் மாலைக் கறவையையும் முடித்துவிட்டு கேரள எல்லையோரத்தில் உள்ள நம் கொழிஞ்சாம்பாறை வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் என் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

'பள்ளிப் பருவத்தில் தானாகவே கணினி நிரல் எழுதக் கற்பது படிப்புக்கு உரமா, களையா?' என்பது இன்றைய தலைப்பு. உரமே என்று வாதாட வந்திருக்கிறேன். தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு மகனுக்குத் தாயும்கூட. ஆதலால் இந்த வழக்கில் நான் வக்கீல் மட்டும் அல்ல, பாதிக்கப்பட்ட தரப்பும் நானே என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிரணித் தலைவர் அடுக்கியவை என்ன? இரவெல்லாம் திரையின் முன் உட்கார்ந்த பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறான். முதல் பருவ ஓணப் பரீட்சையில் மதிப்பெண் சரிகிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கற்பதால் அரைகுறையாகவே கற்கிறான். ஆங்கிலம் தெரியாமல் தடுமாறுகிறான். கேட்டவுடன் நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்தப் பாடெல்லாம் எதற்கு? இவற்றில் முதல் இரண்டும் நடப்பவைதாம். நான் மறுக்கப் போவதில்லை. என்னிடம் படித்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், விளையாட்டு ஒன்றை உருவாக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு பள்ளி திறந்த ஜூன் மாதத்திலிருந்தே இராக்கண் விழித்தான்; ஓணப் பரீட்சையில் சமூக அறிவியலிலும் மலையாளத்திலும் அவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து அவனுடைய அப்பா கணினியைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அவர் செய்தது தவறு என்று அன்று எனக்கும் தோன்றவில்லை.

பிறகு அந்தப் பையனிடம், நீ எழுதிய நிரலைக் காட்டு என்று கேட்டேன். காட்டினான். ஏறத்தாழ முந்நூறு வரிகள் இருந்தன. இந்த வரி என்ன செய்கிறது என்று பத்து இடங்களில் கேட்டேன். இரண்டுக்குத்தான் விடை வந்தது. மற்றவை எல்லாம் ஒரு காணொளியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து படியெடுத்தவை. அவையோரே, அவன் இரண்டு மாதம் நிரல் கற்றதால் மதிப்பெண் இழக்கவில்லை. நிரல் கற்காமல் இரண்டு மாதம் தட்டச்சு செய்ததால் இழந்தான். எதிரணி காட்டும் களை உண்மையிலேயே களைதான். ஆனால் அதற்கு நிரல் என்று பெயர் வைத்ததுதான் பிழை.

நிரல் என்பது என்ன என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று எண்ணும் கட்டளையைக் கற்றுக்கொண்டு, 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தாள். கணினி ஐந்து என்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் மூன்று என்றுதானே சொல்லும்! கணினிக்குத் தமிழ் தெரியவில்லை என்று அவள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, தமிழாசிரியரிடம் போய் நின்றாள். அவர் உயிர்மெய் பிறக்கும் முறையை விளக்கினார்: ம் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் ம. எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையோ இதைத் தலைகீழாகச் செய்கிறது. அதற்கு ம என்பதுதான் அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால் ம் ஆகிறது, இகரக் குறி சேர்த்தால் மி ஆகிறது. யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் உள்ளவை 128 இடங்கள். நம் எழுத்துகளோ 247. அவற்றுள் உயிர்மெய் மட்டுமே 216. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தராமல், எழுத்தையும் குறியையும் அடுத்தடுத்து வைத்துக் கட்டுகிறார்கள். ஆகவே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகிவிட்டது. குறிகளையும் புள்ளியையும் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று அந்தப் பெண் தானே கண்டுபிடித்து, சரியாக மூன்று என்று சொல்லும் நிரலை எழுதினாள். குறில், நெடில், ஒற்று என்று பிரித்து நேரசை, நிரையசை காணும் நிரலில் இப்போது இறங்கியிருக்கிறாள். யாப்பிலக்கணத்தைப் பரீட்சைக்கு முதல்நாள் மனப்பாடம் செய்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். குறிலும் நெடிலும் இணைந்தால் நிரை என்பதைக் கணினிக்கே புரியும்படி சொல்ல வேண்டுமானால், சொல்லுகிறவருக்கு அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நடுவர் அவர்களே, இவள் தமிழ்ப் பாடம் படித்தாளா, நிரல் படித்தாளா? எதிரணி பிரித்துக் காட்டட்டும்.

இன்னொன்று என் வகுப்பிலேயே நடந்தது. சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று என்று நிரலில் எழுதுகிறோம். இரண்டு பக்கமும் எக்ஸைக் கழித்தால் பூச்சியமும் ஒன்றும் சமம் ஆகிவிடுகிறதே, அது எப்படி?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கில் சமக்குறி என்பது இரு பக்கமும் நிறை ஒத்த தராசு. பைத்தானில் அது வலப்பக்கத்து மதிப்பை இடப்பக்கத்துப் பெயருக்குக் கொடு என்ற கட்டளை. இரண்டிலும் மாறி என்றே சொல்கிறோம், இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அன்று நாற்பது பிள்ளைகளுக்கும் விளக்க வேண்டியதாயிற்று. நான் நடத்திய சமன்பாட்டுப் பாடங்களிலேயே நல்ல பாடம் அதுதான் என்று என் மனத்துக்குப் படுகிறது. அதைத் தொடங்கி வைத்தது பாடநூல் அன்று.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியில் பால் ஊற்றாத வீடு குறைவு. சொசைட்டியில் பாலுக்கு விலை லிட்டரை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துப் போடுகிறார்கள் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். ஃபேட், எஸ்.என்.எஃப். என்று சீட்டில் வருகிறதே, அதுதான். பத்து நாள் சீட்டுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் நிரல் ஒன்றை என் மகன் எழுதினான். சோதித்துப் பார்க்க 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னபோது, கணினி 0.30000000000000004 என்று விடை சொன்னது. சொசைட்டிக்காரர் இப்படி ஒரு சீட்டு கொடுத்தால் சண்டைக்குப் போவோம். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவது போல, பத்தில் ஒன்றை, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இரண்டின் அடிமான எண் முறையில் எழுதினால் அது முடிவில்லாமல் சுழல்கிறது. கணினி ஓர் இடத்தில் வெட்டி நிறுத்திக்கொள்கிறது. அந்த வெட்டின் மிச்சம்தான் கடைசியில் நிற்கும் அந்த 4. சுழல் தசமம் என்பதை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். 'ஏன் டீச்சர் இது தேவை?' என்று கேட்ட பிள்ளைகளுக்கு நான் சொன்ன பதில்களைவிட அந்த 4 நல்ல பதில்.

ஆங்கிலம் ஒரு தடை என்றார்கள். பைத்தான் மொழிக்கே உரிய கட்டளைச் சொற்கள் 35 மட்டுமே. அதுவும் வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்ற மொழி இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பள்ளியில் இவற்றோடு இந்தியும் ஆங்கிலமும் என்று நான்கு மொழிகளில் புழங்கும் எல்லைப்புறப் பிள்ளையை 35 சொற்களைச் சொல்லிப் பயமுறுத்த முடியாது.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதும் நம் கேரளத்துக்குப் பாதிதான் பொருந்தும். பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், அதன் தொடர்ச்சியாக வந்த கைட் என்ற அரசு நிறுவனமும், 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கும் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்களும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐ.டி. ஒரு பாடம்; அதற்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு முதல் ஆண்டு சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழி, இரண்டாம் ஆண்டு பைத்தான். இந்தப் பக்கத்து பிளஸ் ஒன்னிலும் சி பிளஸ் பிளஸ் இருக்கிறது. இரண்டு அரசுகளும் தண்ணீரில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போயிருக்கின்றன. பாடநூலே அழைக்கும் ஒன்றைப் படிப்புக்குக் களை என்பது எப்படி?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கால்குலேட்டர் வந்த பிறகும் நான் வாய்ப்பாடு கேட்கிறேன். அது எழுதித்தரும் நிரலில் எது பிழை என்று பார்க்கத் தெரியாதவன், முன்பு காணொளியைப் படியெடுத்த அதே பையன்தான். இப்போது படியெடுப்பது இன்னும் விரைவாக நடக்கிறது, அவ்வளவே.

இனி வலுவான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அது நேரம். நிரல் நேரத்தைத் தின்னும். ஒரு பிழை பிடிபடாவிட்டால் சோறு இறங்காது, தூக்கம் வராது; பிடிபட்டுவிட்டாலோ அடுத்ததைச் செய்து பார்க்காமல் எழ மனம் வராது. இதற்கு நம் மண்ணிலேயே மருந்து இருக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றி இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதலே நடப்பில் இருந்ததாகக் கொள்ளப்பட்ட பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு அணைக்கட்டில் நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி, தண்ணீர் வர வேண்டும். வந்த தண்ணீரையும் ஒரே நாளில் ஒரே வயலுக்குத் திறந்துவிடுகிறோமா? முறை வைக்கிறோம். முறை வராதவன் இரவில் மடையைத் திறந்தால் ஊரே கேட்கிறது. தண்ணீர் அதிகமானால் பயிர் அழுகும் என்பதற்காகத் தண்ணீரே களை என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டு முறை இது: பள்ளி நாள்களில் அரை மணி நேரம், அதுவும் வீட்டுப்பாடம் முடிந்த பிறகு, சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஞாயிறு கிடையாது. ஆக வாரத்துக்கு நாலரை மணி. இரவு ஒன்பதரைக்கு மடை அடைப்பு. ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை நடக்கும் வாரங்களில் முழுமையாக அடைப்பு. ஒரு நிபந்தனை கூடுதல்: எழுதப் போவதை முதலில் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். இந்த நிபந்தனையை நான் கண்டுபிடித்ததாகப் பெருமை அடிக்க மாட்டேன். 1968-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் லேக்சைடு என்ற பள்ளியில், மாணவர்களின் அம்மாக்கள் பழைய பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் ஒரு தட்டச்சு முனையத்தையும், தொலைவில் இருந்த கணினியில் கொஞ்சம் நேரத்தையும் வாங்கிக் கொடுத்தார்கள். நேரத்தைத்தான் வாங்கினார்கள், கணினியை அல்ல; நேரம் அளவாகக் கிடைத்தால் எழுதப் போவதை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளத்தானே வேண்டும்! அங்கே பழகிய பிள்ளைகளில் ஒருவர், பின்னாளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கிய பில் கேட்ஸ். பின்னாளில் அந்தப் பள்ளிக்கே வகுப்பு நேர அட்டவணை போட்டுத்தரும் நிரலையும் அவர் எழுதினார். கேட்ஸ் கல்லூரியைப் பாதியில் விட்டதை எதிரணியினர் எடுத்துக்காட்டினார்கள். கல்லூரியை விட்டது பிற்காலத்துக் கதை. நம் தலைப்பு பள்ளிப் பருவம். அந்தப் பருவத்தில் பள்ளியின் வேலையும் நிரலும் ஒரே மேசையில் இருந்தன. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை 1991-இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கியில் பல்கலைக்கழக மாணவர். அவர் முதுகலைப் பட்டத்தையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அவரைப் பற்றி எதிரணி ஏன் பேசவில்லை என்று தெரியவில்லை.

முறை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பரண்மேல் ஏறிய கணினி கீழே இறங்கியது. அந்தப் பையன் இப்போது நூறு வரிகூட எழுதுவதில்லை, ஆனால் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்கிறான். கிறிஸ்துமஸ் பரீட்சையில் கணக்கு ஏறியது, மலையாளம் தேறியது. சமூக அறிவியல் இன்னும் நொண்டுகிறது. எல்லாப் பாடத்திலும் முதல் தரமான ஃபுல் ஏ பிளஸ் வருமா என்று அவனுடைய அப்பா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் மகனும் போன வாரம் ஒன்பதரைக்கு மேல் போர்வைக்குள் கைப்பேசியில் நிரல் தட்டிக்கொண்டிருந்து அகப்பட்டான். மடை காவல் எப்போதும் வேண்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்புச் சொல்லும் முன் எதிரணியைப் பார்த்து நடுவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்: 'தமிழ்' என்ற சொல்லைக் கணினி ஐந்து எழுத்தாக எண்ணியபோது தமிழாசிரியரைத் தேடிப் போன அந்தப் பெண்ணை, கணினியை மூடிவைத்துவிட்டுப் போய்ப் படி என்று அனுப்பியிருப்பீர்களா? ஆம் என்றால், அவளை எந்தப் பாடத்தைப் படிக்க அனுப்பியிருப்பீர்கள்? நன்றி, வணக்கம்.