ஐஆர் எட்டுக்கும் ஒரு பாட்டா உண்டு

நடுவர் அவர்களே, ராத்திரி பத்து மணி தாண்டியும் எழுந்து போகாத தோவாளை, பூதப்பாண்டி மக்களே, வணக்கம். நாளைய பயிருக்குத் தெம்பு தரப்போவது பழைய விதையா, புதிய ஆய்வுக்கூடமா என்பது தலைப்பு. நான் பழைய விதைக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, பழைய ரகமெல்லாம் ஆளுயரம் வளர்ந்து ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும், விளைச்சல் மேனியும் கிடையாது, மியூசியத்தில் வையுங்கள் என்றார். சாயும், ஒத்துக்கொள்கிறேன். சாய்ந்த நெல்லைக் குனிந்து அறுத்த இடுப்பு இது. ஆனால் அதை அப்படியே வயலில் போடச் சொல்லி நான் வரவில்லை, புதிய ரகத்தை அதோடு ஒட்டுச் சேர்த்துச் சம்பந்தம் பண்ணிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் விளையாதுதான், ஆனால் சுகர் வந்த பிறகு ராத்திரி சப்பாத்தி இல்லாத வீடு எது? கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்தர் வாட்கின்ஸ் 1920, 30களில் இந்தியா உட்பட 32 நாடுகளின் உள்ளூர்க் கோதுமை விதைகளைத் திரட்டினார். அதில் 827 ரகம் இன்றும் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் மையம் என்ற பயிர் ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. அவற்றின் மரபணுவை முழுசாகப் படித்து 2024-இல் வெளியிட்டார்கள். பழைய கோதுமையில் ஏழு வம்சமாம், இன்றைய ரகங்கள் பெரும்பாலும் அதில் இரண்டே வம்சத்துப் பிள்ளைகளாம். மற்ற ஐந்து வம்சத்துச் சொத்து பாகம் பிரிக்காமல் கிடக்கிறது!

அந்தச் சொத்து எதற்கு என்றால், 1998-இல் உகாண்டாவில் கோதுமைத் தண்டைத் தாக்கும் யூஜி99 என்ற துரு நோய் கிளம்பி, அதுவரை ஊரெல்லாம் நம்பியிருந்த எதிர்ப்பு மரபணுவையே தோற்கடித்தது. மராட்டியத்தில் கப்ளி என்பார்களே, நம் சம்பா கோதுமை இனம், அதிலிருந்து எடுத்த ஒரு மரபணு அதற்கும் அசையவில்லை. உப்புமா கிண்டும்போது கொஞ்சம் மரியாதையோடு கிண்டுங்கள்.

சரி, அயலூர்க் கதை போதும். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டிபிஎஸ் 1 நெல் எங்கிருந்து வந்தது? ஐஆர் 8 நெல்லையும் நம் பழைய நெல்லான கட்டிச்சம்பாவையும் சேர்த்ததில் வந்தது. அந்த ஐஆர் 8 மட்டும் ஆகாயத்திலிருந்து குதித்ததா? 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த அதற்குக் குட்டை உடம்பைக் கொடுத்ததே டீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் நாட்டுப் பழைய நெல். சாயாத நெல் சாயாத நெல் என்று அண்ணாச்சி இவ்வளவு நேரம் மார்தட்டினாரே, அந்தச் சாயாத குணமே பாட்டா வீட்டுச் சீதனம்.

மரபணுவை வெட்டி ஒட்டிப் புதிதாகச் செய்துகொள்வோம் என்கிறார் அண்ணாச்சி. எதை ஒட்ட? இரண்டு வாரம் வெள்ளத்தில் முழுகிக் கிடந்தாலும் பிழைக்கிற எஃப்ஆர்13ஏ என்ற நெல், ஒடிசா நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்தது. அதிலிருந்த சப்1 மரபணுவை எடுத்துத்தான் சுவர்ணா என்ற நெல் ரகத்தில் சேர்த்தார்கள். ஆய்வுக்கூடம் கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் எடுக்க ஒரு விதை இருந்தது, அதை விவசாயி தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காப்பாற்றி வைத்திருந்தான். கும்பப்பூப் பருவத்து நடவு முடிந்த கையோடு வயல் ஏலா முழுக்கக் குளமாகிக் கிடந்ததைப் பார்த்த நமக்கு இது புரியாதா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்கார்ந்துவிடுகிறேன். அண்ணாச்சி பதில் சொல்ல எழும்போது, டிபிஎஸ் 1-க்கு அப்பா யார் என்பதையும் கையோடு சொல்லிவிடட்டும்.